ஸ்க்ரோல் சா வைத்து வீட்டிலேயே செய்யும் பண்டிகை மர அலங்காரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு ஸ்க்ரோல் சா இருக்கிறது. ஆடி முடிந்ததும் அதற்கு வேலை வந்துவிடும். கொலுவுக்குச் சின்ன யானை, கார்த்திகைக்கு அகல் வடிவத் தோரணம், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரமும் குடிலும், பொங்கலுக்குப் பானையும் கரும்பும். தெருவில் போகிறவர்கள் சத்தம் கேட்டு நின்று பார்ப்பார்கள், கேட்பார்கள். புதுச்சேரிச் சொந்தக்காரர்கள் போனில் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் அவையேதான் என்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஸ்க்ரோல் சா என்பது என்ன? ஜிக் சா இருக்கிறதே, அது போதாதா?

தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி நின்ற இடத்தில் மேலும் கீழும் போகும், துணியை நாம் திருப்பிக் கொடுப்போம். இதிலும் அப்படியே. நூல் மாதிரி மெல்லிய பிளேடு ஒரு மேடையின் நடுவே மேலும் கீழும் ஓடும். பலகையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்புவது நம் வேலை. ஜிக் சாவில் மெஷினையே தூக்கிப் பலகையின் மேல் ஓட்டுகிறோம். அதன் பிளேடு அகலமானது. உள்ளங்கை அளவு நட்சத்திரத்தின் உள்மூலையில் அது திரும்பாது. கதவு, அலமாரிப் பலகை அறுக்க அது சரி, பொம்மைக்கு இதுதான்.

மெஷினே வேண்டாம் என்றால், வில் மாதிரி வளைந்த கைவாளில் இதே பிளேடை மாட்டி அறுக்கலாம். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். முதல் நான்கைந்து துண்டுகளைக் கையால் அறுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் மெஷின் வாங்கலாமா என்று முடிவு செய்வது நல்லது.

மெஷின் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பிளேடு மாட்டும் விதம். இரண்டு முனையிலும் குறுக்கே சின்ன ஊசி உள்ள பிளேடு ஒரு வகை, ஊசி இல்லாத மொட்டை பிளேடு இன்னொரு வகை. ஊசி உள்ளதை மாட்டுவது எளிது. ஆனால் வடிவத்தின் உள்ளே ஒரு சின்ன ஜன்னல் வெட்ட வேண்டுமானால், அந்த ஊசி நுழைய ஏறக்குறைய 5 மி.மீ. துளை போட வேண்டும். மொட்டை பிளேடுக்கு 1.5 மி.மீ. துளை போதும். அலங்கார வேலைக்கு மொட்டை பிளேடு மாட்டக்கூடிய மெஷின்தான் உதவும். இரண்டையும் ஏற்கிற மெஷின்களும் உண்டு.

அடுத்தது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. பிளேடு நிமிடத்துக்கு 400 முதல் 1600 தடவை வரை மேலும் கீழும் ஓடும் என்று போட்டிருப்பார்கள். கற்றுக்கொள்கிறவருக்கு மெதுவான வேகம் கட்டாயம் வேண்டும். பிளேடுக்கும் அதன் பின்னால் மெஷினின் கை தொடங்கும் இடத்துக்கும் நடுவே 16 அங்குலம் இருந்தால் வீட்டு வேலைக்குத் தாராளம். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த மெஷின் என்றால் அதன் தகட்டைப் படியுங்கள். அமெரிக்க மெஷின் 120 வோல்ட்டில் ஓடுவது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் மோட்டார் புகைந்துவிடும்.

பிளேடு அடிக்கடி உடைகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

அநேகமாக மூன்றில் ஒன்று. பிளேடு தொளதொளவென்று இருக்கிறது, அல்லது பலகையை நீங்கள் அழுத்தித் தள்ளுகிறீர்கள், அல்லது மழுங்கிய பிளேடை இன்னும் கொஞ்சம் ஓட்டலாம் என்று விட்டு வைத்திருக்கிறீர்கள். ப்ளைவுட்டின் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் பசை, பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அரைமணி நேரம் அறுத்த பிளேடுக்கே மாற்றும் நேரம் வந்திருக்கலாம். பிளேடுகளை டஜன் கணக்கில் வாங்கி வையுங்கள்.

முறுக்கு சரியா என்று காதால் பார்க்கலாம். மெஷினை நிறுத்திவிட்டு, வீணைத் தந்தியைச் சுண்டுவது போல பிளேடை விரலால் சுண்டுங்கள். ‘டிங்’ என்று கூர்மையாகக் கேட்டால் சரி. ‘டொப்’ என்றால் இன்னும் முறுக்க வேண்டும்.

பல் கீழ்நோக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். விரல் நுனியை மெல்ல மேல்நோக்கி நகர்த்தினால் சொரசொரவென்று மாட்ட வேண்டும். தலைகீழாக மாட்டினால் பலகை மேடையைவிட்டு எழும்பி எழும்பிக் குதிக்கும். 4, 6 மி.மீ. பலகைக்கு 3-ஆம் நம்பர் பிளேடும், 12 மி.மீ. பலகைக்கு 5-ஆம் நம்பரும் எனக்கு ஒத்துவருகின்றன.

எந்த மரம் நல்லது?

பெயிண்ட் அடிக்கப்போகிற பொருளுக்குத் தேக்கு வேண்டாம். அதன் அழகை மூடிவிடத்தான் போகிறோம், எதற்கு அந்தச் செலவு?

ப்ளைவுட்தான் ஆரம்பத்துக்கு ஏற்றது. எந்தப் பக்கம் திருப்பி அறுத்தாலும் ஒரே மாதிரி போகும், மெல்லிய கொம்பு, வால் எல்லாம் ஒடியாது. கடையில் எம்.ஆர். என்று கேட்டால் ஈரக்காற்றைத் தாங்கும் சாதாரண ரகம் தருவார்கள். அதில் ஐ.எஸ். 303 என்ற முத்திரை இருக்கும். ஐ.எஸ். 710 என்றால் தண்ணீரையே தாங்கும் மெரைன் ரகம். வீட்டுக்குள் தொங்குவதற்கு முதலாவது போதும், வாசலில் தொங்குவதற்கு இரண்டாவது. முழுப் பலகை தேவையில்லை. அலமாரி வேலை நடக்கும் இடத்தில் ஆசாரியிடம் கேட்டால் ஓரத் துண்டுகள் கிடைக்கும். துண்டின் ஓரத்தைப் பார்த்து வாங்குங்கள். அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் நட்சத்திரத்தின் முனை அந்த இடத்தில்தான் பிய்யும்.

எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) பலகை வெண்ணெய் மாதிரி அறுபடும், பெயிண்டும் வழவழவென்று ஏறும். ஆனால் எங்கள் ஊர்க் காற்றில் அதை நான் நம்புவதில்லை. ஓரத்தில் ஈரம் ஏறினால் ரொட்டி மாதிரி உப்பிவிடும், திரும்ப வற்றாது. அதன் தூளும் மிக நைசானது, நெஞ்சுக்கு ஆகாது.

பேக்கிங் பெட்டிப் பைன் பலகையும் நல்லதுதான். முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் படத்துக்குப் பக்கத்தில் எச்.டி. (HT) என்று இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடுங்கள். முத்திரையே இல்லாமல், என்ன சரக்கு ஏற்றி வந்தது என்றும் தெரியாத பெட்டியைக் குழந்தைகள் தொடும் பொருளுக்கு எடுக்காதீர்கள்.

நம் பக்கத்து மரங்களையும் சொல்ல வேண்டும். பூவரசு, இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினோமே அதே மரம், நெருக்கமான ரேகை, சுலபத்தில் பிளக்காது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரத்துக்கு வீணை செய்கிறவர்களிடமே மதிப்பு உண்டு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது அந்தப் பக்கம் பலாவும் முந்திரியும் ஏராளமாகச் சாய்ந்தன. அப்போது ஒருவர் தோட்டத்திலிருந்து கிடைத்த ஒரு பலாத் துண்டு என்னிடம் இருந்தது. அதில் ஒரு குடில் அறுத்தேன். பெயிண்ட் அடிக்க மனம் வரவில்லை, வார்னிஷ் மட்டும். அன்று மஞ்சளாக இருந்தது இன்று நல்ல தேன் நிறம். பலா கிடைத்தால் நீங்களும் அப்படியே விடுங்கள். ஆனால் விழுந்த மரத்தை உடனே அறுத்துப் பொம்மை செய்யக் கூடாது. ஒரு அங்குலப் பலகையை நிழலில் அடுக்கி, நடுவே குச்சி வைத்து, ஆறு மாதமாவது காயவிட வேண்டும்.

வடிவங்களை எங்கே எடுப்பது?

நம்மைச் சுற்றியே இருக்கின்றன. கிறிஸ்துமஸ் என்றால் பனிமனிதன்தான் வேண்டுமா? தேவனாம்பட்டினம் கடற்கரையில் இழுத்து வைத்திருக்கும் படகு, மாசி மகத்துக் குடை, புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தூய இருதய ஆண்டவர் பசிலிக்காவின் இரட்டைக் கோபுரம். 1907-ல் எழுந்த அந்தக் கோயிலின் கூரிய வளைவு ஜன்னல்கள் ஸ்க்ரோல் சாவுக்கென்றே வரைந்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு துளை, பிளேடைக் கழற்றித் துளைக்குள் விட்டுத் திரும்ப மாட்டி அறுக்க வேண்டும். வெள்ளையும் சிவப்பும் அடித்தால் யாரும் பார்த்தவுடன் பெயர் சொல்லிவிடுவார்கள்.

ஐந்து முனை நட்சத்திரம் பலருக்குக் கோணலாக வருகிறது. காம்பஸால் 5 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம், அதே மையத்தில் 1.9 செ.மீ. ஆரத்தில் இன்னொரு வட்டம் போடுங்கள். பெரிய வட்டத்தில் 72 டிகிரிக்கு ஒரு புள்ளி. அவற்றுக்குச் சரிநடுவில் சின்ன வட்டத்தில் ஐந்து புள்ளி. மாற்றி மாற்றி இணைத்தால் நட்சத்திரம் அச்சு மாதிரி வரும்.

கோலத்தை அப்படியே மரத்தில் வெட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், பெண்கள்தான் அதிகம். வெட்டலாம், ஆனால் கோடு காகிதத்தில் நிற்பது போல மரத்தில் நிற்காது. கோடு குறைந்தது 4 மி.மீ. அகலம் வேண்டும். சிக்குக் கோலத்தில் புள்ளிகள் எல்லாம் தனியே நிற்பவை, அறுத்ததும் உதிர்ந்துவிடும். புள்ளியை விட்டுவிட்டுக் கோட்டை மட்டும் அறுங்கள், இல்லையென்றால் புள்ளியைக் கோட்டோடு சேர்க்க ஒரு சின்னப் பாலம் வரைந்துகொள்ளுங்கள்.

வரைந்த தாளை நேரே மரத்தில் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது பாடுபடுத்தும். முதலில் மரத்தின் மேல் மாஸ்கிங் டேப், அதன் மேல் பசை தடவித் தாள். வேலை முடிந்ததும் டேப்போடு ஒரே இழுப்பில் வந்துவிடும்.

நேர்க்கோட்டில் தள்ளினாலும் ஒரு பக்கமாகவே இழுக்கிறதே?

மெஷின் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பிளேடு செய்யும்போது ஒரு பக்க ஓரம் கொஞ்சம் சொரசொரப்பாக நின்றுவிடும், அந்தப் பக்கம் கூடுதலாகக் கடிக்கும். பலகையை ஒரு சாய்வாகப் பிடித்துத் தள்ளினால் கோடு நேராகப் போகும். இரண்டு நாளில் கை தானே பழகிவிடும்.

ஓரம் கருகுகிறது, அடியில் சிலாம்பு பிய்கிறது. என்ன செய்யலாம்?

கருகுவதற்கு, பார்சல் ஒட்டும் பளபளப்பான டேப்பைக் கோட்டின் மேல் ஒட்டி, அதோடு சேர்த்து அறுங்கள். அந்த டேப் பிளேடுக்கு எண்ணெய் போட்டது மாதிரி உதவும். சிலாம்புக்கு, கீழ்ப்பல் சில மட்டும் மேல்நோக்கி இருக்கும் ரிவர்ஸ் பல் பிளேடு கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையில் ஊசித்துளை போட்டு, பிளேடு அதன் வழியே போகிற மாதிரி மேடையில் ஒட்டிவிடுங்கள். பலகையின் அடிப்பக்கத்தை அது தாங்கிப் பிடிக்கும்.

ஒரே மாதிரி இருபது நட்சத்திரம் வேண்டும். ஒவ்வொன்றாகத்தான் அறுக்க வேண்டுமா?

வேண்டாம். 4 மி.மீ. பலகை நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக இருபக்க டேப்பால் ஒட்டி ஒரே தடவையில் அறுங்கள். மேடை பிளேடுக்குச் சரியான செங்குத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல் நட்சத்திரம் ஒரு அளவு, கீழ் நட்சத்திரம் ஒரு அளவு. அதைச் சோதிக்க, ஒரு கட்டையில் லேசாக ஒரு கீறல் அறுத்து, கட்டையைத் திருப்பி, பிளேடின் பின்பக்கம் அதே கீறலில் உட்காருகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்தால் செங்குத்து.

இரண்டு துண்டைக் குறுக்கே செருகி நிற்க வைக்கும் மரம் செய்தேன். பெயிண்ட் அடித்த பிறகு செருகவே முடியவில்லை.

பெயிண்டுக்கும் தடிமன் உண்டு. இரண்டு பக்கமும் பிரைமர் என்ற அடிப்பூச்சு, பெயிண்ட், வார்னிஷ் என்று ஏறும்போது பலகை நீங்கள் அளந்த அளவில் இருக்காது. செருகுவதற்கு வெட்டும் பள்ளத்தை, அதாவது காடியை, பலகைத் தடிமனைவிட முக்கால் மி.மீ. அகலமாக அறுங்கள். அளவைப் பில்லில் பார்க்காதீர்கள், பலகையில் அளந்து எடுங்கள். காடியின் உள்ளே மட்டும் பெயிண்ட் அடிக்க வேண்டாம்.

பெயிண்ட் எப்படி அடிப்பது? மழைக்காலத்தில் காயவே மாட்டேன் என்கிறதே.

இதற்குத்தான் கொஞ்சம் நிறையச் சொல்லப்போகிறேன். அறுப்பது ஒரு வாரத்தில் வந்துவிடும். நம் கடற்கரை ஊர்களில் ஒரு அலங்காரம் அடுத்த வருஷமும் இருக்குமா என்பதைப் பெயிண்ட் வேலைதான் முடிவு செய்கிறது.

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பார்கள். நமக்குக் கிறிஸ்துமஸ் வேலை வருவது சரியாக அந்த இரண்டு மாதத்தில். முதல் வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி, தூறலில், நட்சத்திரங்களுக்குச் சிவப்பு எனாமல் அடித்துச் செய்தித்தாளில் பரப்பி வைத்தேன். மறுநாள் காலை தொட்டால் மேலே காய்ந்திருந்தது. எடுத்தால் தாளோடு வந்தது. ஒரு நட்சத்திரத்தின் முதுகில் செய்தி எழுத்துகள் தலைகீழாகப் பதிந்து இன்னும் இருக்கின்றன. பக்கத்துத் தெருப் பாட்டிக்குக் கொடுப்பதாகச் சொன்ன நட்சத்திரம் அது. அந்த வருஷம் கொடுக்க முடியவில்லை.

அதிலிருந்து என் கணக்கு இதுதான். அறுப்பதும் உப்புத்தாள் தேய்ப்பதும் ஆவணிக்குள் முடிய வேண்டும். பிரைமர் புரட்டாசியில், வெயில் இருக்கும்போதே. மழை வரும்போது நிறம் தீட்டுவது மட்டும் பாக்கி இருக்க வேண்டும். தண்ணீர் கலந்து அடிக்கும் அக்ரிலிக் நிறத்தை உள்ளறையில் ஃபேனுக்கு அடியில் காயவைத்துவிடலாம்.

சொரசொரப்பான 120-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி நைசான 220-ல் முடியுங்கள். ஈரம் பிழிந்த துணியால் தூளைத் துடையுங்கள். ப்ளைவுட்டின் ஓரம் பஞ்சு மாதிரி உறிஞ்சும். ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து ஓரத்தில் மட்டும் ஒரு முறை தடவிக் காயவிடுங்கள், அப்புறம் வெள்ளை பிரைமர். முதல் பிரைமர் காய்ந்ததும் கையால் தடவிப் பாருங்கள், ஆண்பிள்ளை தாடை மாதிரி குத்தும். மரத்தின் நார் எழும்பியிருக்கிறது. 220-ஆல் லேசாகத் தேய்த்துவிட்டு இரண்டாவது பிரைமர். அதற்கு மேல் அக்ரிலிக், தண்ணீராக இரண்டு தடவை. கெட்டியாக ஒரு தடவை அடித்தால் தூரிகைக் கோடு தெரியும், மூலைகளில் தேங்கும்.

காய்ந்ததா என்று விரல் நுனியால் பார்க்க வேண்டாம். புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அறைச் சூட்டிலேயே இருந்தால் அடுத்த பூச்சுக்குப் போகலாம். சீக்கிரம் காயட்டும் என்று உச்சி வெயிலில் வைத்தால் கொப்புளம் வரும்.

கடைசியில் நிறமில்லாத வார்னிஷ். தண்ணீரில் கரையும் பாலியூரித்தேன் வகை வாங்குங்கள். தின்னர் கலந்த லாக்கர் வார்னிஷை மழைநாளில் அடித்தால் காற்றின் ஈரம் அதில் படிந்து பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிடும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறிய அந்த வாரத்தில் நான் எதற்கும் தூரிகையைத் தொடவில்லை. காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும்போது காத்திருப்பதும் வேலைதான்.

தட்டையாக இருந்தது, பத்து நாளில் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. ஏன்?

முன்பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்திருப்பீர்கள். மூடாத பின்பக்கம் ஈரக்காற்றைக் குடித்து விரியும், மூடிய பக்கம் அப்படியே இருக்கும், பலகை வளைந்துவிடும். சுவர்ப் பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விடக் கூடாது. முன்னே எத்தனை பூச்சோ பின்னேயும் அத்தனை, ஓரத்திலும் அத்தனை, நூல் கோக்கும் துளைக்குள்ளும் ஒரு சொட்டு.

குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளலாமா?

கட்டாயம். மெஷின் பெரியவர்களுக்கு, தேய்ப்பதும் தீட்டுவதும் அவர்களுக்கு. எங்கள் தெருப் பிள்ளைகள் நீல மாட்டையும் பச்சைக் கொம்பையும் தீட்டிக் கொடுப்பார்கள். திருத்தாதீர்கள். வாயில் வைக்கிற வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால், அதன் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.

ஆபத்தான மெஷினா?

வட்ட ரம்பத்தோடு ஒப்பிட்டால் இது சாது. ஆனாலும் பிளேடுக்கு நேர் எதிரே விரல் வைக்கக் கூடாது. துப்பட்டா, முந்தானை, தொங்கும் முடி எல்லாவற்றையும் கட்டிக்கொள்ள வேண்டும். கண்ணாடியும் என்95 முகக்கவசமும் போடுங்கள். பிளேடு உடைந்தால் மேல் துண்டு ஊசி மாதிரி குத்திக்கொண்டே இருக்கும். கையை இழுத்துக்கொண்டு முதலில் சுவிட்சை அணையுங்கள், பலகையை அப்புறம் எடுக்கலாம். கால் சுவிட்ச் இருந்தால் இன்னும் நல்லது.

பண்டிகை முடிந்ததும் எப்படி எடுத்து வைப்பது?

அக்ரிலிக் நிறம் சூட்டில் கொஞ்சம் இளகும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பரணில் போட்டால், சித்திரைச் சூட்டில் நட்சத்திரமும் நட்சத்திரமும் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது நிறம் உரியும். நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள், செய்தித்தாள் வேண்டாம். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்தால் போதும். ஆடியில் ஒருமுறை திறந்து பாருங்கள். அடியில் மாவு மாதிரி தூள் கொட்டியிருந்தால் மரத்தில் பூச்சி. அந்தத் துண்டை மட்டும் உடனே தனியாக எடுத்துவிட்டு, மற்றவற்றை ஒரு நாள் நிழலில் காற்றாட வைத்துத் திரும்பச் சுற்றி வையுங்கள். பாட்டிக்கு அடுத்த வருஷம் செய்து கொடுத்த நட்சத்திரம் இப்படித்தான் அவர் பேத்தி வீட்டில் இன்னும் நிறம் போகாமல் தொங்குகிறது.